புள்ளிக்கோடு கோரும் மனு

ஜூன் 2

காலை மோட்டார் போட்டேன். தொட்டி நிறைய நாற்பது நிமிடம். வழக்கத்தைவிட ஐந்து நிமிடம் அதிகம்.

மகள் செண்பகா நேற்று கோவைக்குத் திரும்பும் முன் மடிக்கணினியில் ‘சுகு’ என்ற மென்பொருளை ஏற்றிவிட்டுப் போனாள். குடும்ப மரம் வரைவதற்கானது. இலவசம். பின்லாந்து நாட்டில் ஹெய்க்கி என்பவர் எழுதியதாம். யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், புதிதாக ஏதாவது வேண்டுமென்றால் இணையத்தில் கோரிக்கை வைக்கலாம் என்றாள். அவர்கள் மொழியில் சுகு என்றால் குலம். என் மனைவி பூரணம் அதைச் சுக்கு என்றுதான் சொல்கிறாள்.

முப்பத்தொரு ஆண்டு தாலுகா அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ்ப் பிரிவில் இருந்தவன் நான். பாதி ஊரின் குடும்ப மரம் என் கைவழியாகப் போயிருக்கிறது. என்னுடையதை மட்டும் வரைந்ததில்லை. உட்கார்ந்தேன். அப்பா, அம்மா, சொர்ணம் அக்கா, காலமான அத்தான், அவர்கள் பிள்ளைகள் பூரணமும் வேலுச்சாமியும் என்று வரிசையாக ஏறினார்கள். பூரணத்தை என் மனைவி என்று குறித்தபோது மென்பொருள் நின்றுவிட்டது. சிவப்புக் கட்டத்தில் ஒரு கேள்வி வந்தது. ‘இந்த நபர் ஏற்கெனவே உங்கள் சகோதரியின் மகளாக உள்ளார். மனைவியாகச் சேர்ப்பது உறுதியா?’

உறுதி என்றேன். மறுபடி கேட்டது. மறுபடி உறுதி என்றேன். மூன்றாம் முறை, ‘தவறான உறவு’ என்று சொல்லிச் சேர்க்க மறுத்துவிட்டது.

பூரணத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். “முப்பத்தாறு வருசம் கழிச்சு இப்பத்தான் கேக்காங்களா? தாலி கட்டுறதுக்கு முந்தி ஒருத்தரும் கேக்கலியே மாமா,” என்று சொல்லிவிட்டு மாவு அரைக்கப் போனாள்.

ஜூன் 3

கோரிக்கை அனுப்பினேன். ஆங்கிலத்தில்தான். ஆனால் முறைப்படி. அனுப்புநர், வீ. கொம்பையா, ஓய்வுபெற்ற துணை வட்டாட்சியர். பெறுநர், உயர்திரு பராமரிப்பாளர் அவர்கள், சுகு மென்பொருள், பின்லாந்து. பொருள், அக்காள் மகளை மணந்தோரையும் மரத்தில் சேர்க்கக் கோருதல், சார்பு. நகல், தகவலுக்காக, செண்பகா, கோவை.

செண்பகா போனில் அழைத்தாள். “அப்பா, அங்க இப்படியெல்லாம் எழுத மாட்டாங்கப்பா. ரெண்டு வரி போதும்.”

ரெண்டு வரியில் முடிந்த மனு எதையும் நான் பார்த்ததில்லை என்றேன்.

ஜூன் 5

ஹெய்க்கி அவர்களிடமிருந்து பதில். மரியாதையான மனிதர். உங்கள் பகுதியில் இத்தகைய திருமணம் எவ்வளவு பரவலானது என்று கேட்டிருந்தார். எங்கள் தெருவில் பதினான்கு வீட்டுக்கு ஐந்து என்று கதவு எண்களுடன் அனுப்பினேன்.

ஜூன் 8

கோரிக்கை நிறைவேறிவிட்டது. ஐந்து நாளில். என் பணிக்காலத்தில் ஐந்து நாளில் தீர்ந்த மனு ஒன்றுகூட இல்லை. ஏதோ முறைகேடு நடந்திருக்க வேண்டும்.

பூரணம் மரத்தில் ஏறிவிட்டாள். ஆனால் புதிய சிக்கல். இருவருக்கிடையே இரண்டு உறவு இருந்தால், மென்பொருள் இரண்டு கோட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுத் தடிப்பாக வரைகிறது. சொர்ணம் அக்கா எனக்கு உடன்பிறந்தவள், மாமியாரும்கூட. ஆகவே மரத்திலேயே தடித்த கோடு எனக்கும் அவளுக்கும் நடுவில் விழுந்திருக்கிறது. அம்மாவுக்கும் எனக்கும் நடுவில்கூட அவ்வளவு தடிப்பு இல்லை.

நானும் அக்காவும் பேசிப் பதினோரு வருடம் ஆகிறது. அவள் வீடு அடுத்த தெருவில்தான். பூரணம் தினமும் போய்வருகிறாள். நான் பால் வாங்க மேலத் தெரு வழியாகச் சுற்றிப் போகிறேன். நடை நல்லது என்று டாக்டரும் சொல்லியிருக்கிறார்.

உண்மை நிலைக்கு மாறான பதிவை அப்படியே விட்டுவிட முடியாது.

ஜூன் 10

இரண்டாம் கோரிக்கை. எண் 1147. பேச்சுவார்த்தை இல்லாத உறவுகளைப் புள்ளிக்கோட்டால் காட்ட வசதி வேண்டும்.

இந்த முறை அவர்களுடைய படிவத்தில்தான் எழுத வேண்டுமாம். படிவம் என்றால் எனக்குப் பிடிக்கும். என்ன சிக்கல், என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது, மாற்று வழி யோசித்தீர்களா என்று கட்டங்கள். முதல் கட்டத்தை நிரப்பினேன். மற்றவற்றில் ‘பொருந்தாது’ என்று எழுதினேன்.

ஜூன் 12

ஹெய்க்கி எழுதியிருக்கிறார்: “எங்கள் நாட்டில் இந்த வசதியைக் கொடுத்தால் எல்லாருக்கும் புள்ளிக்கோடுதான் விழும். என் அண்ணனும் நானும் கடைசியாகப் பேசியது எப்போது என்று யோசித்தேன். சண்டை எதுவும் இல்லை. பேசுவதற்கு எதுவும் வரவில்லை, அவ்வளவுதான்.”

அதற்குக் கீழே உலகமே கூடிவிட்டது. இத்தாலியின் தெற்கே கார்மெலோ என்பவர், எழவு வீட்டில் மட்டும் பேசிக்கொள்பவர்களுக்குத் தனியாக ஒரு கோடு கேட்கிறார். மதுரையிலிருந்து ஒரு பெண்மணி, நேரடிப் பேச்சு இல்லை, ஆனால் ‘ஏ பிள்ள, உங்க சித்திகிட்டச் சொல்லு’ என்று குழந்தைகளிடம் சொல்லிப் பேசுவோம், அதற்கு என்ன கோடு என்கிறார். கட்டைவிரல் உயர்த்தியவர்கள் நாற்பத்தொரு பேர்.

பூரணத்திடம் சொன்னேன். “அத்தன பேரு பேசாம இருக்கத்தான் இவ்வளவு பேச்சா?” என்றாள்.

ஜூன் 15

பூரணம் அம்மா வீட்டிலிருந்து வந்தாள். வேலுச்சாமி நாசிக்கிலிருந்து வந்திருக்கிறானாம். அக்காவை நிரந்தரமாகத் தன்னோடு அழைத்துப் போகிறான். வீட்டைப் பூட்டப் போகிறார்கள். ஜூலை இருபது, சாயங்கால ரயில்.

“எம்பது வயசு மாமா. போனா இனி இங்க வரமாட்டாங்க,” என்றாள்.

சரி என்றேன். காபியில் சர்க்கரை குறைவு. 1147-இல் ‘மிக அவசரம்’ என்று ஒரு வரி சேர்த்தேன். என்ன அவசரம் என்று ஹெய்க்கி கேட்டார். பொதுநலன் என்று பதிலளித்தேன்.

ஜூன் 20

கோட்டுக்குத் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி இரண்டும் வைக்கப்போகிறார்கள். முடிவுத் தேதியை யார் எழுதுவது என்பதில் முப்பத்திரண்டு பதில்கள். ஒருவர் எழுதினால் போதும் என்கிறது ஒரு கட்சி. இருவரும் ஒப்புக்கொண்டு கையெழுத்திட வேண்டும் என்றேன் நான். ஒருதலையாக முடிந்ததாகக் காட்டுவது பின்னால் வழக்குக்கு இடம் கொடுக்கும். கார்மெலோ, எங்கள் ஊரில் முடிவுத் தேதியைக் கல்லறையில்தான் எழுதுவோம் என்றார். அதற்கும் பன்னிரண்டு கட்டைவிரல்.

கடைசியில் என் கருத்தே ஏற்கப்பட்டது. அச்செடுத்தால் முடிவுத் தேதிக்குக் கீழே இரண்டு கையெழுத்துக்கான கட்டம் வரும். திருப்தி.

மோட்டாரில் வாஷர் மாற்றினேன்.

ஜூன் 24

புள்ளிக்கோடு சரியாக விழுகிறதா என்று சோதிக்க ஒரு மாதிரி வேண்டுமாம். உறவு எப்படி முறிந்தது என்பதைப் படிப்படியாக எழுதுங்கள், நாங்கள் அதே படிகளைச் செய்து பார்ப்போம் என்கிறார் ஹெய்க்கி. எழுதினேன்.

படி ஒன்று: வேலுச்சாமி மகளுக்குக் காதுகுத்து. படி இரண்டு: பத்திரிகை அச்சடித்தார்கள். படி மூன்று: அழைப்போர் பட்டியலில் பெண்ணுக்குத் தாத்தா முறையும் மாமா முறையும் ஆன என் பெயர் ஏழாவதாக, நாசிக்கில் இவன் குடியிருந்த வீட்டுக்காரரின் பெயருக்குக் கீழே. எதிர்பார்த்தது: முதல் பெயர். நடந்தது: ஏழாவது பெயர். விளைவு: நான் போகவில்லை. அவர்களும் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை.

இது ஊருக்கே தெரிந்த காரணம். ஒளிக்க ஒன்றுமில்லை.

ஜூன் 26

ஹெய்க்கியின் பதிலை அப்படியே எழுதுகிறேன். “ஒரு மாதிரிக் குடும்பம் உருவாக்கி, ஒருவரின் பெயரை ஏழாவது இடத்துக்கு நகர்த்திப் பார்த்தேன். கோடு முறியவில்லை. என் மனைவியின் வீட்டாரிடமும் கேட்டேன். ஏழாவது இடம் என்றால் வருத்தம் இருக்கும், பதினோரு வருடம் இருக்காது என்கிறார்கள். நீங்கள் சொன்னதை மறுபடி நிகழ்த்த முடியவில்லை. இதற்கு முந்தைய படி ஏதாவது விடுபட்டிருக்கிறதா?”

கோரிக்கையின் மேல் ‘விவரம் தேவை’ என்று மஞ்சள் சீட்டு ஒட்டியிருக்கிறார்.

என்ன விவரம் வேண்டும்? பின்லாந்துக்காரனுக்குப் பத்திரிகையைப் பற்றி என்ன தெரியும்? பதில் எழுதவில்லை.

ஜூன் 29

ரேஷன் கடை. பருப்பு வரவில்லை.

பூரணம் முழுநாளும் அங்கேதான். பாத்திரங்களைக் கட்டுகிறார்கள். சாயங்காலம் வந்தவள், “அம்மா அலமாரில ஒங்க பள்ளிக்கூட சட்ட ஒண்ணு இருந்துச்சு. மூணாங் கிளாஸ் சட்ட. அத எங்க வைக்கன்னு கேட்டாங்க,” என்றாள்.

என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

“நான் என்னத்தச் சொல்ல? நாசிக்குக்குத்தான் போவுது.”

ஜூலை 1

பேருந்து நிலையத்தில் கோவில்பட்டிக் கடலைமிட்டாய் ஒரு கிலோ வாங்கினேன். கடலையை நன்றாக நுணுக்கிச் செய்த வகை. பல் இல்லாதவர்களும் தின்னலாம் என்றார் கடைக்காரர். யாருக்கும் என்று இல்லை. வீட்டில் இருக்கட்டும்.

“உங்களுக்குத்தான் முப்பத்தோரு பல்லு இருக்கே மாமா,” என்றாள் பூரணம். நான் பேப்பர் படித்தேன்.

ஜூலை 3

1147-இல் புதிய அதிகாரி ஒருவர் தலையிட்டிருக்கிறார். பெயர் ஸ்டேல் பாட். ‘கேட்ட விவரம் ஏழு நாட்களாக வரவில்லை. இன்னும் ஏழு நாட்களில் வராவிட்டால் இக்கோரிக்கை மூடப்படும்.’ அவ்வளவுதான். ஒரு சொல் கூடுதல் இல்லை, கோபம் இல்லை, இரக்கமும் இல்லை. தேடிப் பார்த்தேன். ஆயிரத்துக்கு மேற்பட்ட கோரிக்கைகளில் இதே வாசகம், இதே நிதானம். ஞாயிற்றுக்கிழமைகூட வேலை செய்திருக்கிறார். இப்படி ஒரு எழுத்தர் என் பிரிவில் இருந்திருந்தால் நான் இரண்டு ஆண்டு முன்பே ஓய்வு பெற்றிருப்பேன்.

ஜூலை 5

திரு. பாட் அவர்களுக்குக் கால நீட்டிப்பு கேட்டுத் தனி மனு. ஒரு பொருளுக்கு ஒரு மனு என்பது விதி. ஆகவே 1147-இன் உள்ளே எழுதாமல், அதைப் பார்வையில் காட்டிப் புதிய கோரிக்கையாகப் பதிந்தேன். எண் 1163.

ஜூலை 6

1163-ஐ ‘இரட்டிப்பு’ என்று யாரோ மூடிவிட்டார்கள். திரு. பாட் பதில் தரவில்லை. கண்டிப்பானவர். நினைவூட்டல் ஒன்று அனுப்பினேன். எண் 1164.

ஜூலை 7

1164-உம் மூடப்பட்டது.

ஜூலை 10

1147 மூடப்பட்டது.

‘தேவையான விவரங்கள் இணைக்கப்படாததால் இக்கோரிக்கை முடித்துவைக்கப்படுகிறது. உரிய விவரங்களுடன் மீண்டும் சமர்ப்பிக்கலாம்.’

நான்கு முறை படித்தேன். இந்த நடை எனக்குத் தெரிந்த நடை. மத்தியானம் சாப்பிடப் பிடிக்கவில்லை. ரசம் மட்டும்.

ஜூலை 11

செண்பகாவுக்குப் போன் செய்து, திரு. பாட் அவர்களின் மேலதிகாரி யார், மேல்முறையீடு யாரிடம் என்று கேட்டேன்.

அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். “அப்பா, அது ஆளு இல்லப்பா. மெஷின். நாள எண்ணும், மூடிரும். யாரு கேக்கா, எதுக்குக் கேக்காங்கன்னு அதுக்குத் தெரியாது.”

“எல்லாருக்கும் ஒரே மாதிரியா?”

“ஆமாப்பா. யாரா இருந்தாலும்.”

போனை வைத்தேன். மோட்டாரை நிறுத்த மறந்து, தொட்டி நிரம்பித் தெருவெல்லாம் தண்ணீர். பூரணம் ஓடிப்போய் நிறுத்தினாள். திட்டவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அந்தப் பின்லாந்துக்காரரு, முந்தின படி என்னன்னு கேட்டாருன்னீங்களே. சொல்லீட்டீங்களா?”

“ஏழாவது பெயர்தான் காரணம். வேறென்ன?”

“எங்கம்மா ஏன் ஏழாவதாப் போட்டாங்கன்னு என்னைக்காவது யோசிச்சீங்களா மாமா? ஏழு மாசம் அலைய விட்டீங்க. மாசத்துக்கு ஒரு படி எறக்கிட்டாங்க.”

பதினோரு வருடமாக இதை அவள் என்னிடம் சொன்னதில்லை. இன்றைக்குச் சொன்னாள். சொல்லிவிட்டுத் தெருத் தண்ணீரைத் தள்ளப் போய்விட்டாள்.

ஜூலை 12

1147-இல் விடுபட்ட படிகளை எழுதி அனுப்பினேன். நகல் இங்கேயும்.

படி பூஜ்யம்: அத்தான் காலமானார். படி பூஜ்யத்துக்கு அடுத்தது: அக்கா வாரிசுச் சான்றிதழ் கோரி என் பிரிவுக்கு மனுவோடு வந்தாள். நாற்பது பேர் வரிசையில் அவளும் நின்றாள். சன்னலுக்கு வந்ததும், “ஏல கொம்பையா,” என்றாள். எல்லாரும் பார்த்தார்கள். சொந்தக்காரிக்குச் சலுகை காட்டினான் என்ற பேச்சு எனக்கு வரக்கூடாது. நான், “அப்படிப் பேசாதீங்கம்மா. மனுவக் குடுங்க,” என்றேன். இறந்தவருக்கும் மனுதாரருக்கும் உள்ள உறவுக்குச் சான்று இணைக்கப்படவில்லை. கல்யாணப் பத்திரிகையாவது வேண்டும் என்றேன். அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் பத்திரிகை ஏது? “நீதான் சாட்சி. ஒனக்குத் தெரியாதா?” என்றாள். ‘விவரங்கள் குறைவு. உரிய இணைப்புகளுடன் மீண்டும் சமர்ப்பிக்கவும்’ என்று எழுதித் திருப்பினேன். மூன்று முறை வந்தாள். மூன்று முறையும் அதே வாசகம். மூன்றாம் முறை அவள் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. “சரிங்கய்யா,” என்றாள். சான்றிதழ் கிடைக்க ஏழு மாதம் ஆயிற்று. அதுவும் நான் விடுப்பில் இருந்த வாரத்தில், இன்னொருவர் கையால்.

அந்தக் கல்யாணத்தில் எனக்கு மூன்று வயது. அக்கா எங்கேயோ போகப்போகிறாள் என்று நினைத்து, மணவறையில் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுதேனாம். அழுகையை நிறுத்த அத்தான் என்னைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டுதான் தாலி கட்டினாராம். உலகத்தில் அந்தத் திருமணத்துக்கு என்னைவிடப் பக்கத்திலிருந்த சாட்சி யாருமில்லை.

எதிர்பார்த்தது: நேர்மையான அலுவலர் என்று ஊர் சொல்லும். நடந்தது: சொன்னார்கள்.

ஜூலை 14

ஹெய்க்கி கோரிக்கையை மறுபடி திறந்துவிட்டார். மஞ்சள் சீட்டைப் பிய்த்துவிட்டுச் சிவப்பில் ஒன்று ஒட்டியிருக்கிறார்: ‘பிழை உறுதிசெய்யப்பட்டது.’

கீழே எழுதியிருக்கிறார்: “இப்போது என்னால் மறுபடி நிகழ்த்த முடிகிறது. முதல் ‘அம்மா’விலேயே கோடு முறிகிறது. புள்ளிக்கோட்டைச் செய்து முடித்துவிட்டேன், பத்தொன்பதாம் தேதி வெளியாகும் பதிப்பில் வரும். ஆனால் இந்தப் பிழை எங்கள் மென்பொருளில் இல்லை. நீங்கள்தான் சரிசெய்ய வேண்டும். பின்குறிப்பு: நேற்று என் அண்ணனுக்குப் போன் செய்தேன். நாற்பது நிமிடம் மீன்பிடிப்பதைப் பற்றிப் பேசினான்.”

கார்மெலோ, ‘மாற்று வழி: தின்பண்டத்தோடு வாசலில் போய் நில்லுங்கள்’ என்றார். படிவத்தில் ‘மாற்று வழி யோசித்தீர்களா’ என்ற கட்டத்தில் நான் ‘பொருந்தாது’ என்று எழுதியது நினைவுக்கு வந்தது.

ஜூலை 17

நேரில் போய் என்ன பேசுவது என்று மூன்று நாளாக யோசித்தும் வரவில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். எழுதிவிட்டேன்.

அனுப்புநர்: கொம்பையா, தம்பி மற்றும் மருமகன். பெறுநர்: திருமதி சொர்ணத்தம்மாள், அக்கா மற்றும் மாமியார். பொருள்: பேச்சு, மீண்டும் தொடங்க அனுமதி கோருதல், சார்பு. பார்வை: பதினோரு ஆண்டுகளுக்கு முன் என்னால் மூன்று முறை திருப்பப்பட்ட தங்கள் மனு. மேற்படி மனுவைத் திருப்பியது தவறு. நான்தான் சாட்சி. எனக்குத் தெரியும். வருந்துகிறேன். இணைப்பு: கடலைமிட்டாய், ஒரு கிலோ.

பூரணம் படித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இதுல ‘சார்பு’ எதுக்கு மாமா?” என்றாள். அது இல்லாமல் எப்படி என்றேன்.

ஜூலை 19

காலை பத்து மணிக்குப் போனேன். மேலத் தெரு வழியாக இல்லை. நேர் வழி. நாலு நிமிடம்கூட ஆகவில்லை.

விடைபெற வந்தவர்கள் வாசல்வரை நின்றார்கள். வேலுச்சாமி என்னைப் பார்த்து, “வாங்க மாமா,” என்று நேரே உள்ளே கூப்பிட்டான். மாட்டேன் என்று சொல்லி வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒன்பது பேர். அக்கா கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இளைத்துவிட்டாள். பூரணம் சொல்லியிருந்தாள்தான், ஆனாலும் பார்ப்பது வேறு.

என் முறை வந்தது. மனுவைக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலால் வரியைத் தொட்டுத் தொட்டுப் படித்தாள். முடித்துவிட்டு, கடலைமிட்டாய்ப் பொட்டலத்தைக் கையில் எடுத்து எடை பார்ப்பதுபோல் பார்த்தாள்.

“இணைப்பு சரியா இருக்கு. உறவுக்குச் சான்று எங்க?”

“அக்கா...”

“அப்படிப் பேசாதீங்க. வெவரம் கொறையா இருக்கு. நாளைக்கு வாங்கய்யா. பின்னால ஆளு நிக்காங்க.”

மனுவை என்னிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். கடலைமிட்டாயைத் திருப்பித் தரவில்லை. மனுவைத் திருப்பிவிட்டு இணைப்பை மட்டும் வைத்துக்கொள்வது விதிக்குப் புறம்பானது. அந்த நேரத்திலும் எனக்கு அதுதான் தோன்றியது.

தெருவில் நடக்கும்போது அழுகை வந்தது. அறுபத்து மூன்று வயதில், பட்டப்பகலில். தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். இது அந்த இரண்டும் இல்லை. அந்தச் சன்னலுக்கு வெளியே நிற்பது எப்படி இருக்கும் என்று முப்பத்தொரு வருடம் உள்ளே உட்கார்ந்திருந்தவனுக்குத் தெரியவில்லை. இன்றைக்கு ஒரு முறை நின்றேன். அவள் மூன்று முறை நின்றாள்.

மத்தியானம் புதிய பதிப்பு வந்துவிட்டது. செண்பகா போனில் சொல்லச் சொல்ல ஏற்றினேன். மாற்றங்களின் பட்டியலில் ‘1147: கொம்பையாவின் கோடு’ என்று போட்டிருக்கிறார்கள். ஜெராக்ஸ் கடைக்குப் போய் பெரிய தாளில் வண்ணத்தில் அச்செடுத்தேன். நாளைக்குச் சான்று கொண்டுபோக வேண்டும்.

ஜூலை 20

நாலரைக்கே ரயில் நிலையம் போய்விட்டேன். பூரணமும் வேலுச்சாமியும் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். அக்கா பெஞ்சில் இருந்தாள். மடியில் அந்தக் கடலைமிட்டாய்ப் பொட்டலம், பிரித்தது. வாய் அசைந்துகொண்டிருந்தது.

தாளை விரித்துக் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தாள். அப்பா பெயர், அம்மா பெயர், அத்தான் பெயர் ஒவ்வொன்றிலும் விரல் நின்று போயிற்று. கடைசியில் எங்கள் இரண்டு கட்டத்துக்கும் நடுவில் வந்து நின்றது.

“இது மட்டும் எதுக்கு இவ்வளவு தடிப்பு?”

“ரெண்டு உறவுல்லாக்கா.”

“தடிப்பாவும் இருக்கு, புள்ளிபுள்ளியாவும் இருக்கு.”

“பதினோரு வருசம்.”

“இந்தக் கட்டத்துல ஒண்ணும் எழுதலியே.”

“முடிவுத் தேதி. ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும்.”

“எந்தப் பய சொன்னான்?”

“நான்தான் சொன்னேன். பின்லாந்துல ஏத்துக்கிட்டாங்க.”

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். பதினோரு வருடத்தில் முதல் முறை. பிறகு கையை நீட்டி என் சட்டைப்பையிலிருந்த பேனாவை அவளே எடுத்தாள். தாளைப் பெட்டிமேல் வைத்து, எழுத்துக் கூட்டுவதுபோல் மெதுவாக, சொர்ணம் என்று எழுதினாள். ‘ம்’ கட்டத்துக்கு வெளியே போய்விட்டது. விதிப்படி செல்லாது. செல்லும் என்று வைத்துக்கொண்டேன்.

பேனாவை என்னிடம் கொடுத்தாள். கையெழுத்துப் போட்டேன். தேதி போட வேண்டும். பேனா நின்றுவிட்டது. முப்பத்தொரு வருடம், ஒரு நாளைக்கு நூறு முறை தேதி போட்ட கை. என்ன தேதி என்று எனக்கு நினைவுக்கு வரவில்லை. ரயில் வருகிறது என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். வேலுச்சாமி பெட்டிகளைத் தூக்கினான். நான் பேனாவை வைத்துக்கொண்டு அப்படியே குனிந்திருந்தேன்.

“இருபது, ஏல கொம்பையா,” என்றாள் அக்கா. “எழுது.”

எழுதினேன்.

ஜூலை 21

1147 மூடப்பட்டது. ‘நிறைவேற்றப்பட்டது’ என்று எழுதியிருந்தது திரு. பாட். மெஷின்தான் என்று தெரிந்தும், நன்றி ஐயா என்று பதில் போட்டேன். இத்தனை வருடத்தில் அந்த வேலைக்கு யாரும் நன்றி சொல்லியிருக்க மாட்டார்கள்.

காலை பால் வாங்க நேர் வழியில் போனேன். வீடு பூட்டியிருந்தது.

ஜூலை 23

நாசிக்கில் மழையாம். அக்கா சொன்னாள்.